மனு எழுதுவது ஆய்வாகாதா?

"இது ஆய்வா, இல்ல மனு எழுதுற வேலையாம்மா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் டாக்டோரல் கமிட்டிக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் கொடுமைக்காரர் இல்லை. என் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியவரும் இல்லை. கோப்பைப் புரட்டினார். கடைசியில் இணைத்திருந்த நான்கு பக்க மனுவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். என் நெறியாளர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆய்வாளர் நடுநிலையைப் பேண வேண்டும்' என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரியால் என் ஆய்வு ஆறு மாதம் பின்னுக்குப் போனது.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது இருக்கிறது. ஆனால் அதில் பாதிதான் அந்தக் கமிட்டிக்கு. மீதிப் பாதி எனக்கும், என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கும், நம் இயக்கத் தோழர்களுக்கும்.

பதிவேட்டில் இருந்த பாதை

என் ஆய்வு சுடுகாட்டுப் பாதைகளைப் பற்றியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் காலனிக்கென்று ஒரு சுடுகாடு இருக்கும். அதற்குப் போக வழி இருக்காது. வரப்பில் இறங்கி, சேற்றில் நடந்து, வாய்க்காலைத் தாண்டித்தான் பாடையைத் தூக்கிப்போக வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒருவரின் உடலைக் கயிறு கட்டி இறக்கிய காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம்தான் நான் என் தலைப்பை முடிவு செய்தேன்.

நான் வேலை செய்த ஊர் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும். முதல் நாள் கையில் வினாநிரலோடு போனேன். நாற்று நட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "போன தடவ வந்தவங்களும் இப்படித்தான் எழுதிக்கினு போனாங்க. எங்களுக்கு வழி இருக்கா இல்லையான்னு சர்க்கார் நோட்டுல என்ன எழுதியிருக்கு? அத மொதல்ல பாத்துச் சொல்லு."

அது எனக்குத் தெரியாது. முதுகலையில் நான்கு தாள் ஆய்வு முறையியல் படித்தவள் நான். ஒரு கிராமத்தின் அ-பதிவேட்டை எப்படி வாசிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அ-பதிவேட்டின் நகலும் புலப்படங்களும் வந்தன. அவற்றைச் சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் விரித்துவைத்து உட்கார்ந்தோம். எனக்குக் கோடுகளாகத் தெரிந்தவை அங்கிருந்த பெரியவர் ஒருவருக்கு நிலமாகத் தெரிந்தன. எண்பதுகளில் நில உடைமை மேம்பாட்டுத் திட்ட அளவை நடந்தபோது அவர் சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர், கல் சுமந்தவர். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். பாதை புறம்போக்கு. காலனியிலிருந்து மயானம் வரைக்கும். வழி இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் காகிதத்தில் இருந்தது. தரையில் அந்த இடத்தில் கரும்பு நின்றது.

பிறகு பெண்கள் ஒரு தாம்புக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் துண்டு துண்டாக அளந்தார்கள். ஒரு அளவு புலப்படத்தோடு பொருந்தாதபோது மறுநாள் மறுபடி அளந்தார்கள். சார்ட் பேப்பரில் வரைபடம் வந்தது. மனுவின் வாசகத்தை அவர்கள் சொன்னார்கள். நான் தட்டச்சு செய்தேன். ஜமாபந்தியில் கொடுத்தோம்.

ஒரு கேள்வி. அதற்கான ஆவணம். ஆவணத்தைக் களத்தில் சரிபார்த்தல். பிழையைத் திருத்தல். முடிவை எழுதுதல். இதற்குப் பெயர் ஆய்வு இல்லையென்றால் வேறு என்ன? நான் அதற்கு முன் எடுத்திருந்த நாற்பத்தைந்து நேர்காணல்களில் 'வழி இல்லை' என்ற வாசகம் மட்டுமே இருந்தது. 'வழி இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்' என்பதை முடிச்சுப் போட்ட கயிறுதான் சொன்னது.

நடுநிலையின் முகவரி

நடுநிலை பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம்: அது எந்தத் தெருவில் குடியிருக்கிறது?

இந்தியச் சமூகவியல் படிக்கும் யாரும் ஆந்த்ரே பெத்தேய்லின் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலைத் தாண்டி வர முடியாது. 1965இல் வந்தது. தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றை 'ஸ்ரீபுரம்' என்ற புனைபெயரில் எழுதியது. ஆய்வுக் காலத்தில் அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில், ஒரு பார்ப்பனர் வீட்டில். அங்கே தங்கியதால் ஆதிதிராவிடர்களோடு தான் பழகுவதற்கு எல்லை விழுந்தது என்பதை அவர் மறைக்கவில்லை, எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த நூலை நமக்குக் கற்பிக்கும் துறைகளில், 'ஆய்வாளர் அக்கிரகாரத்துப் பக்கம் சாய்ந்துவிட்டார்' என்று எந்தக் கமிட்டியாவது குறிப்பு எழுதியிருக்குமா? ஊர்த்தெருவின் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தால் அது களப்பணி. காலனித் திண்ணையில் உட்கார்ந்து பதிவேடு வாசித்தால் அது சார்பு.

சமூக அறிவியலில் கோட்பாடு யாருக்கு, தரவு திரட்டும் உழைப்பு யாருக்கு என்ற பங்கீடே சாதிப் பங்கீடாக இருக்கிறது என்பதை கோபால் குரு 2002இல் எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரையில் போட்டு உடைத்தார். அந்தக் கட்டுரை இப்போது பாடத்திட்டத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். பங்கீடு பெரிதாக மாறவில்லை.

மனுவுக்கு வருவோம். மகத் போராட்டத்தை நாம் 1927 மார்ச் 20 என்ற தேதியோடு நினைவில் வைத்திருக்கிறோம். பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்பட்ட நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923இலேயே பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தது. 1924இல் மகத் நகராட்சியும் சவுதார் குளம் பொது என்று தீர்மானம் போட்டது. அதாவது உரிமை காகிதத்தில் இருந்தது; தண்ணீரில் இல்லை. அம்பேத்கர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆயிரக்கணக்கானவர்களோடு குளத்தில் இறங்கினார். அதன் பிறகு பத்து ஆண்டுகள் வழக்கு. தீண்டப்படாதோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றது எதிர்த்தரப்பு. அப்படியொரு தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'வழக்கம்' என்று சொல்லப்படுவது எப்போதிருந்து, யாரால், எந்த ஆதாரத்தோடு என்று விசாரிப்பது சமூகவியலின் அடிப்படைக் கேள்வி. அதை அவர்கள் குளக்கரையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் கேட்டார்கள்.

ஒரு மனு எழுதியதைச் சாத்திரம் என்று மதித்துப் படிக்கிற நாட்டில், நாங்கள் எழுதுகிற மனு மட்டும் ஆய்வுக்கு ஆகாதாம்.

நான் விடுதியில் இருந்தேன்

இதுவரை எழுதியது கமிட்டிக்கான பதில். இதோடு நிறுத்தினால் உங்களிடம் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

ஜமாபந்தியில் மனு கொடுத்த மறுநாள் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். ஆய்வு முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நான் போன நான்காம் நாள், மனுவில் கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்கு வயல்வேலை நின்றது. களை எடுக்கக் கூப்பிடவில்லை. கரும்பு வெட்டுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்தது. எனக்கு மூன்று மாதம் சோறு போட்ட வீட்டின் பையன் டீக்கடையில் வைத்து மிரட்டப்பட்டான். "உங்க ஊட்டுக்கு வந்த படிச்ச பொம்பள எங்கடா?" என்று கேட்டிருக்கிறார்கள். படித்த பொம்பளை விடுதியில் இருந்தாள். மெஸ்ஸில் அன்று தக்காளிச் சாதம்.

எனக்குச் செய்தி வந்ததே இரண்டு வாரம் கழித்துத்தான். "நீ பயந்துடுவன்னு சொல்லல" என்றார் அந்த அக்கா.

என்னிடம் அப்போது என்ன இருந்தது? ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண்கூட இல்லை. பக்கத்து நகரத்தில் உடனே போய் நிற்க ஒரு ஆள் இல்லை. இதே மாதிரி வேலையைச் செய்து, இதே அடியை வாங்கிய இன்னொரு ஆய்வாளர் யாரென்று தெரியாது. மனு கொடுத்தால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லவும் யாருமில்லை. 'செயல்பாட்டு ஆய்வு', 'பங்கேற்பு ஆய்வு' என்று என் முன்மொழிவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பங்கேற்றது அவர்கள். கூலியை இழந்தது அவர்கள். முனைவர் பட்டம் எனக்கு.

அதனால்தான் ஊர் பெயரை எழுதவில்லை.

தனியாகப் போகிற களப் போராளி என்ற பிம்பத்தின் மேல் நம் தலைமுறைக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. தோளில் பை, கையில் குறிப்பேடு, எதிரே ஊர். அது ஆபத்தான மயக்கம். பல்கலைக்கழகத்துக்கும் நாம் தனித்தனியாக இருப்பதுதான் வசதி. உதவித்தொகை தனித்தனி, நெறியாளர் தனித்தனி, வைவா தனித்தனி. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவின் உதவித்தொகை 2015 சூலையிலிருந்து நின்றது. பிறகு அவரும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். சேரி என்று பொருள். 2016 சனவரி 17க்குப் பிறகு நாடெங்கும் ரோகித்துக்காக நாம் கூடினோம். கூடியது சரி. ஆனால் ஒரு ஆய்வு மாணவருக்கு ஏழு மாதம் பணம் வராதபோது கூடுகிற ஏற்பாடு எத்தனை வளாகங்களில் நம்மிடம் இருக்கிறது? இறந்தபின் அஞ்சலிக் கூட்டம் நடத்தத் தெரிந்த அளவுக்கு, உயிரோடு இருக்கும்போது கூட்டம் போடத் தெரியவில்லை நமக்கு.

அட்லாண்டாவில் என்ன செய்தார்கள்

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யு.இ.பி. டூபாய்ஸ் 1896இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வார்டில் குடியேறி, வீடு வீடாகப் போய் ஒரு ஆய்வு செய்தார். அது 1899இல் நூலாக வந்தது. அந்த வேலைக்கு அவரை அமர்த்திய பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1897இல் அவர் கறுப்பின மாணவர்கள் படித்த அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே அவரிடம் பணம் இல்லை. ஆனால் மாணவர்களும் பழைய மாணவர்களும் இருந்தார்கள். தெற்கு மாநிலங்களின் பல ஊர்களில் ஆசிரியர்களாகவும் வேறு வேலைகளிலும் இருந்த அவர்கள், சம்பளம் இல்லாமல் தங்கள் தங்கள் ஊர்களில் தரவு திரட்டி அனுப்பினார்கள். ஆண்டுதோறும் ஒரு தலைப்பு, ஒரு மாநாடு, ஒரு வெளியீடு. சமூகவியலாளர் ஆல்டன் மோரிஸ் 2015இல் வந்த தன் நூலில் இந்த வரலாற்றை விரிவாக மீட்டெடுத்திருக்கிறார். பல்கலைக்கழகங்களும் நிதி நிறுவனங்களும் தராததை, விடுதலை வேண்டிய ஒரு சமூகம் தன் உழைப்பையும் நேரத்தையும் கொடுத்து ஈடுகட்டியது. மோரிஸ் அதற்கு 'விடுதலை மூலதனம்' என்று பெயர் வைக்கிறார்.

1899 ஏப்ரலில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி வெள்ளையர் கும்பலால் ஜார்ஜியாவில் கொல்லப்பட்டார். அது பற்றி நிதானமான ஒரு கடிதம் எழுதி, ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார் டூபாய்ஸ். கொல்லப்பட்டவரின் விரல் கணுக்கள் அதே தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக வழியில் செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார். ஒதுங்கி நின்று அமைதியாக ஆராயும் விஞ்ஞானியாக இனி இருக்க முடியாது என்று அப்போது தனக்குத் தோன்றியதைப் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். ஆனாலும் ஆய்வை விடவில்லை. மேலும் பத்தாண்டுக்கு மேல் அட்லாண்டாவில் அந்த வெளியீடுகளை நடத்தினார். அந்தக் கோபத்தோடு அவரால் ஆய்வைத் தொடர முடிந்ததற்கு அந்தக் கூட்டு ஒரு காரணம் என்றே நான் வாசிக்கிறேன். இதே டூபாய்சுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார்.

இரண்டாவது ஞாயிறு

எங்கள் கூட்டு விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் தொடங்கியது. ஞாயிறு மதியம் அங்கே வகுப்பு இருக்காது. முதல் நாள் ஆறு பேர், நான்கு பல்கலைக்கழகங்கள். பிறகு ஒரு வழக்கறிஞர் வந்தார். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வந்து எங்களுக்குப் பதிவேடு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை, பேனர் இல்லை. சில வழக்கங்கள் மட்டும் இருக்கின்றன.

மனு, போராட்டம், வழக்கு என்று எதுவும் நடக்கும் நாட்களில் யாரும் களத்தில் தனியாக இருக்கக் கூடாது. நடந்த மறுநாள் கிளம்பவும் கூடாது.

ஒவ்வொரு அடிக்கு முன்னும் ஒரு கேள்வியை எழுத்தில் வைக்கிறோம்: நாளைக் காலையில் இதற்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்தப் பட்டியலை ஊர் மக்களிடம் வாசித்துக் காட்டுகிறோம். 'இப்ப வேணாம்' என்று அவர்கள் சொன்னால் வேண்டாம்தான். என் ஆய்வேட்டுக்குக் கெடு இருக்கிறது என்பது அவர்கள் பிரச்சினை இல்லை.

உதவித்தொகை வந்த மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஒரு பெட்டியில் போடுகிறோம். வராத மாதம் எடுத்துக்கொள்கிறோம். கணக்கு எழுதப்படும், காரணம் கேட்கப்படாது. நெறியாளரின் அறைக்குத் தனியே போகப் பயப்படும் தோழிக்கு, வெளியே பெஞ்சில் உட்கார ஒருவர் கூடப் போகிறோம்.

எந்த இயலையும் ஆங்கிலத்தில் சமர்ப்பிக்கும் முன் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் ஒருமுறை, ஊரில் ஒருமுறை. கொலம்பியாவில் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா எழுபதுகளில் நிலமற்ற உழவர்களோடு செய்த ஆய்வுகளை, அவர்களிடமே சித்திரக் கதைகளாகத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்குப் படம் போட வராது. எனவே வாசிக்கிறோம். ஊரில் வாசிக்கும்போது கூசுகிற வரிகளை அங்கேயே அடித்துவிடுகிறோம்.

கடைசி வழக்கம், எனக்கு அதிகம் வலித்தது: ஒவ்வொரு வரைவுக்கும் ஒருவர் எதிர்வாசகர். அவர் பாராட்டக் கூடாது. ஓட்டையைத் தேட வேண்டும்.

"எங்க ஊட்டுப் பொணம் எந்த வழியா போவுது?"

இரண்டாம் ஆண்டில் என் நான்காம் இயலுக்கு எதிர்வாசகராக வந்தவன் எங்களில் இளையவன். புதிரை வண்ணார் சமூகத்தைச் சேர்ந்தவன். தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, அவர்கள் வீட்டுச் சாவுச் சடங்குகளில் ஊழியம் செய்யும்படி வைக்கப்பட்ட சமூகம் அது. என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அக்கா, இதுல எங்க ஊட்டுப் பொணம் எந்த வழியா போவுது?"

அறையில் யாரும் பேசவில்லை. எனக்குப் பதில் தெரியும். அந்த ஊரில் ஒரே ஒரு புதிரை வண்ணார் வீடு இருந்தது. காலனியில் சாவு விழுந்தால் பாடை கட்டவும் வழியெல்லாம் மாத்துத் துணி விரிக்கவும் அவர்கள் வேண்டும். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அதே சுடுகாட்டில் இடம் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலை. இது என் ஒலிப்பதிவில் இருந்தது. நான் எழுதவில்லை. "அதையெல்லாம் எழுதாதம்மா, நம்மள பிரிச்சி வுட்டுருவாங்க" என்று பெரியவர் சொன்னார். நானும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன். நான் அந்தக் காலனிக்காரர்களின் சாதிதான்.

அன்று நான்கு மணி நேரம் சண்டை. 'மனு நிலுவையில் இருக்கும்போது இதை எழுதினால் எதிரிக்குத்தான் ஆயுதம்' என்றார் ஒரு தோழர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 'எப்போது எழுதுவது, நிலுவை இல்லாத நாள் ஒன்று வருமா?' என்றார் வழக்கறிஞர். முடிவை அறையில் எடுக்க வேண்டாம், முதலில் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்போம் என்று கலைந்தோம்.

நானும் அந்தத் தம்பியும் போனோம். அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்: "எழுதுறதுன்னா எழுது. எங்க பேர மட்டும் போடாத. நாங்க இவங்ககூடத்தான் இருந்தாவணும்." பிறகு காலனியில் பேசினோம். சங்கிலி பிடித்த பெரியவர் எழுந்து போய்விட்டார். ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. கயிற்றில் முடிச்சு போட்ட பெண்களில் ஒருவர் மட்டும், "அந்த மூலையையும் படத்துல போடு. கல்லு நட வர்றப்ப சேத்து அளந்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. மனமாற்றம், கட்டித் தழுவல் எதுவும் இல்லை. வரைபடத்தில் இரண்டாவது கோடு ஒன்று வந்தது. நான்காம் இயலை முதலிலிருந்து எழுதினேன்.

இதைக் கமிட்டி நண்பர்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் நடுநிலை கேட்ட நீங்கள் அதே வரைபடத்தைப் பார்த்தீர்கள். அந்த ஓட்டை உங்கள் கண்ணில் படவில்லை. சாதிக்கு எதிராகச் சார்பெடுத்த ஒரு கூட்டத்தின் கண்ணில்தான் பட்டது. பக்கம் சாராமல் நின்றால் உண்மை தெரியும் என்கிறீர்கள். எனக்கு உண்மை தெரிந்தது, எனக்கும் கீழே மிதிபட்டவன் என் எதிரில் உட்கார்ந்து என் வரைவைப் படித்தபோது. தரவின் நேர்மைக்கு உங்கள் கூட்டக் குறிப்பைவிட அந்த மாடி அறை கறாரான இடம்.

தோழர்களுக்கும் ஒரு மனு

இயக்கத் தோழர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. ஒரு படுகொலை நடந்தால் எங்களை அழைக்கிறீர்கள். உண்மை அறியும் குழுவில் உட்கார வைக்கிறீர்கள். அறிக்கை எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறோம். 2008 மே மாதம் உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டதற்கு முன்னால், தீண்டாமை ஒழிப்பு முன்னணி ஊர் ஊராகப் போய் எடுத்த கள ஆய்வு இருந்தது. கள ஆய்வு நம் இயக்கங்களுக்குப் புதிதல்ல. ஆனால் முடிவு முன்பே எழுதப்பட்டு, ஆதாரம் மட்டும் எங்களிடம் கேட்கப்படும்போது எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. 'நம்ம ஆளுங்களப் பத்தி இத எழுதணுமா தோழர்?' என்ற கேள்வி துறைத் தலைவரின் அறையிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்களுக்கு மேடையும் சால்வையும் வேண்டாம். ஞாயிறு மதியம் ஒரு அறை கொடுங்கள். மிரட்டல் வந்த இரவு போய் நிற்க இரண்டு ஆள் கொடுங்கள். நாங்கள் கொண்டுவரும் கசப்பான தரவைக் கேட்க ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஆய்வுக்கு இப்போதுதான் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: 'சூப்பர் தோழர்' என்று இதயக்குறி போடுவது ஆதரவு இல்லை. உங்கள் வரைவைக் கடைசிப் பக்கம் வரை படித்து, 'இந்தப் பத்தி பொய்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அன்றிரவு பேருந்துக்குக் காசு கொடுத்து அனுப்புகிறவர் மூன்று பேரைத் தேடுங்கள். மூவரில் ஒருவராவது உங்கள் சாதியாக இருக்கக் கூடாது. ஒருவராவது உங்கள் சாதியால் ஒடுக்கப்பட்டவராக இருக்கட்டும். அந்த மூவர் கிடைக்கும்வரை எந்த ஊரிலும் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள்.

அந்த ஊருக்கு சர்வேயர் ஒருவழியாக வந்தார். அளந்தார், கல் நட்டார். ஒரே வாரத்தில் இரண்டு கற்கள் பிடுங்கப்பட்டன. புகார் கொடுத்திருக்கிறோம், இந்த முறை நாங்கள் ஆறு பேரும் அங்கே இருந்தோம், பத்து நாள் இருந்தோம். பாதையின் மேல்பாதியில் கரும்பு வெட்டியபின் மறுபடி போடவில்லை. கீழ்ப்பாதியில் நிற்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மூலையைப் பற்றிக் காலனியில் இன்னும் பேச்சு நடக்கிறது.

வரும் மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன். மூன்றாம் இணைப்பில் அந்த நான்கு பக்க மனு இருக்கிறது. ஊர் பெயரையும் கையெழுத்துகளையும் மறைத்துவிட்டேன். வைவாவில் மறுபடி அதே கேள்வி வரலாம். 'ஆமாம் சார், மனுதான். முறையியல் இயலில் விளக்கியிருக்கிறேன்' என்று சொல்லப் போகிறேன். பின்வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.